ராணுவ விமானத்துக்குப் பல் நிறம் பார்த்த விவகாரம்

மதிப்பும் பாசமும் மிகுந்த மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் தங்கையைக் கட்டிக்கொண்டவன் எழுதிக்கொள்வது. இங்கே உங்கள் தங்கை நலம், மகள் நலம், ஸ்கூட்டர் நலம், போன மாதம் ஒழுகிய குழாய்கூட நலம். என்னைத் தவிர இந்த வீட்டில் எல்லாம் நலம். அங்கே உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்றும், அக்காவும் பிள்ளைகளும் சுகம் என்றும் நம்புகிறேன். இந்தக் கடிதத்தை உட்கார்ந்துகொண்டு படிக்கவும். படிக்கும் முன் கதவைச் சாத்திக்கொள்ளவும். படித்து முடித்ததும் கிழித்துவிடவும். கிழித்ததை எல்லாம் ஒரே குப்பைத்தொட்டியில் போட வேண்டாம்.

விஷயம் இதுதான். வருகிற வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு எங்கள் வீட்டுக்கு ஓர் அதிகாரி வருகிறார். மகளுக்கு விமானக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் வேலை கிடைத்த செய்தியை உங்கள் தங்கை ஃபோனில் கத்திச் சொன்னாளே, அந்த வேலை உறுதியாவதற்கு முன்னால் குடும்பம் எப்படிப்பட்டது என்று விசாரித்து எழுதிக்கொண்டு போவதற்காக வருகிறார். நம் குடும்பம் எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும். உங்கள் தங்கை தங்கம். மகள் சொக்கத் தங்கம். நான்தான் மச்சான், ராணுவ விமானத் தளத்தின் நோட்டுப் புத்தகத்தில் பெயர் ஏறின ஆள். பதற வேண்டாம். உங்களுக்கும் சேர்த்து நானே பதறிக்கொண்டிருக்கிறேன். நீங்கள் கோர்ட்டில் முப்பது வருடம் கிளார்க்காக இருந்தவர், எத்தனையோ பேர் கூண்டில் ஏறி நின்றதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர், அதனால் உங்களிடம் மட்டும் சொல்கிறேன். உங்கள் தங்கைக்கு இது தெரியாது. தெரிந்தால் அதிகாரிக்கு வேலை மிச்சம்.

நான் பல் செட் செய்யும் கூடத்திலிருந்து ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்த புதிதில், சமையலறையில் நின்றுகொண்டு உங்கள் தங்கைக்குக் கத்தி பிடிக்கும் முறையைச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் அவள் கத்தியை என் பக்கமாகப் பிடித்தாள். மகள்தான் குறுக்கே வந்து, என்னைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்து, ஃப்ளைட் சிமுலேட்டர் என்ற விளையாட்டைப் போட்டுக் கொடுத்தாள். வீட்டு நாற்காலியில் உட்கார்ந்தபடியே விமானம் ஓட்டலாம். எனக்கு ஓட்ட வரவில்லை. இந்த மூன்று வருடத்தில் நான் ஏற்றிய விமானம் எல்லாம் இறங்கியிருக்கிறது, ஆனால் எதுவும் விமானமாக இறங்கவில்லை. அது போகட்டும். எனக்குக் கண்ணை உறுத்தியது அந்த விமானங்களின் நிறம். அதில் ராணுவ விமானங்களை யாரோ சிலர் தனியாகச் செய்து மேல்சேர்க்கையாகக் கொடுக்கிறார்கள். உடம்பை ஒருவர் செய்வார், அதன்மேல் போர்த்தும் வண்ணத் தோலை இன்னொருவர் வரைவார். ரீபெயின்ட் என்பார்கள். உங்கள் பல் செட்டில் ஈறு வார்த்தது என் உதவியாளர், பல் வைத்தது நான், அந்த மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். முப்பத்து நாலு வருடம் பிறத்தியார் வாய்க்கு நிறம் சேர்த்த எனக்கு, அந்தத் தோல்களைப் பார்த்தபோது பற்றிக்கொண்டு வந்தது. அழுக்கு எங்கே படியும், புகை எங்கே கறுக்கும், எந்தத் தகட்டின் ஓரம் தேயும் என்று ஒருத்தருக்கும் தெரியவில்லை. நானே வரைய ஆரம்பித்தேன். இதுவரை நாற்பத்தொரு ராணுவ விமானம் மச்சான். எல்லாம் நம் வரவேற்பறையில் வரைந்தவை.

இதற்கென்று கம்ப்யூட்டரில் ஒரு குழு இருக்கிறது. பல நாட்டு ஆட்கள், எல்லாரும் என்னைப் போல வீட்டில் தொல்லை கொடுக்கிறவர்கள். ஒருத்தருக்கு ஒருத்தர் முகம் தெரியாது, பட்டப்பெயர்தான். என்னைச் ‘சாம்பல்’ என்று கூப்பிடுவார்கள், சாம்பல் நிறத்தைப் பற்றி நான் அதிகம் சண்டை போடுவதால். அந்தக் குழுவில் ஒரு கட்டுப்பாடு உண்டு. யார் ஒரு விமானத்துக்குப் புது நிறம் போட்டாலும், அந்த நிறத்துக்குச் சாட்சி சொல்ல வேண்டும். படத்தில் பார்த்தேன் என்பது கீழ்ச்சாட்சி. நேரில் பார்த்தேன் என்பது மேல்சாட்சி. போன மாதம், நம் ஊர் விமானத் தளத்தில் நிற்கும் நாலு விசிறிச் சரக்கு விமானத்துக்கு நான் தோல் வரைந்து போட்டேன். குழுவில் ‘ரிவெட்’ என்று ஒருவர் இருக்கிறார், விமானத்தின் ஆணிகளை எண்ணிப் பார்த்துக் குறை சொல்கிறவர். அவர் எல்லார் முன்னாலும் எழுதினார்: “சாம்பல் அவர்களே, உங்கள் சாம்பலில் மஞ்சள் அடிக்கிறது.” என்னைப் பார்த்து, மச்சான்! மஞ்சளையே பார்த்துப் பார்த்துக் கிழவனான என்னைப் பார்த்து! கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. அந்த வேகத்தில்தான் புத்தி கெட்டுப் போய் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

பல் நிறம் பார்க்க நாங்கள் வைத்திருக்கும் பட்டை உங்களுக்கு நினைவிருக்கும். உங்கள் வாயருகே பிடித்து, “கொஞ்சம் சிரிங்க மச்சான்” என்று சொன்னேனே, அதுதான். ஒரு கம்பியில் வரிசையாகப் பதினாறு மாதிரிப் பற்கள், வெள்ளையிலிருந்து பழுப்பு வழியாகச் சாம்பல்வரை. போன செவ்வாய்க்கிழமை காலை அதை எடுத்துக்கொண்டு, ஸ்கூட்டரில் தளத்தின் பின்பக்கச் சாலைக்குப் போனேன். கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் விமானம் நின்றது. ‘படம் எடுக்கக் கூடாது’ என்று பலகை இருந்தது. நான் படம் எடுக்கவில்லை. சட்டத்தை மதிக்கிறவன். பல்லைப் பற்றி அந்தப் பலகையில் ஒரு வார்த்தை இல்லை. வேலியில் ஒட்டி நின்று, ஒரு கண்ணை மூடி, கையை முழுதாக நீட்டி, விமானத்தின் வால் பக்கம் ஒவ்வொரு பல்லாக வைத்துப் பார்த்துக்கொண்டு வந்தேன். பதினாலாவது பல் கிட்டத்தட்டப் பொருந்தியது. பதினைந்தாவதை வைத்தேன். பின்னால் பூட்ஸ் சத்தம்.

“என்ன சார் அது கையில?” என்றார் ஒரு காவலர். தோளில் துப்பாக்கி.

“பல்லு.”

“யாரோட பல்லு?”

“யாரோடதும் இல்லீங்க. சும்மா பல்லு.”

“சும்மா பல்லு எதுக்கு இங்க?”

“விமானத்துக்கு.”

அவர் விமானத்தைப் பார்த்தார். பல்லைப் பார்த்தார். என் வாயைப் பார்த்தார். நான் வாயை மூடிக்கொண்டேன். “விமானத்துக்குப் பல்லு வைக்கப் போறீங்களா?” என்று கேட்டார். இல்லை, நிறம்தான் பார்க்கிறேன், வீட்டில் நாற்பத்தொரு ராணுவ விமானம் வைத்திருக்கிறேன், இது ஒன்றுதான் சரியாக வரவில்லை என்று விளக்கினேன். விளக்கியிருக்கக் கூடாது. “நாப்பத்தொண்ணா?” என்று கேட்டுவிட்டுச் சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுத்தார். என் பெயர், முகவரி, ஸ்கூட்டர் எண், எல்லாம் எழுதிக்கொண்டார். பிறகு அந்தப் பட்டையை உயர்த்திப் பிடிக்கச் சொல்லி, பதினாறு பல்லையும் பார்த்துப் பார்த்துப் படமாக வரைந்துகொண்டார். “போங்க சார், கூப்பிடுவாங்க” என்றார். யார் கூப்பிடுவார்கள் என்று சொல்லவில்லை. அந்த நிமிடத்திலிருந்து ஃபோன் அடித்தால் நான் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்கிறேன்.

மறுநாள் புதன்கிழமைதான் மகளுக்கு அந்த வேலைக் கடிதம் வந்தது. அவள் தன் அம்மாவை இடுப்போடு தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினாள். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆனந்தம் தாங்கவில்லை என்று நினைத்துக்கொண்டார்கள். கடிதத்தோடு ஒரு படிவம் இருந்தது. அதில் பதினேழாம் கேள்வி: ‘குடும்பத்தில் எவரேனும் ராணுவம் தொடர்பான தகவல்களைச் சேகரிப்பவரா?’ மகள் அதைச் சத்தமாகப் படித்து, “அப்பா பல்லு மட்டும்தான் சேகரிச்சிருக்காரு” என்று சிரித்துக்கொண்டே ‘இல்லை’ என்று எழுதினாள். அதன் கீழே தந்தை கையெழுத்து என்று ஓர் இடம். போட்டுவிட்டேன் மச்சான். அவசரத்தில் போட்டதில் என் கையெழுத்து எனக்கே அடையாளம் தெரியவில்லை. நாளைக்கு இது பொய்க் கையெழுத்து என்று தனியாக ஒரு வழக்கு வருமா?

சரி, தடயத்தையாவது மறைப்போம் என்று இறங்கினேன். அழித்துவிடலாம்தான். மூன்று வருட உழைப்பு, மனசு வரவில்லை. நாற்பத்தொரு விமானத்துக்கும் பெயரை மாற்றினேன். சண்டை விமானங்களை ‘மின்சாரக் கட்டணம்’ என்ற கோப்புறைக்குள் போட்டேன். ஹெலிகாப்டர்கள் ‘மளிகை’யில் இருக்கின்றன. பெரிய குண்டு வீச்சு விமானத்தை எதில் போடுவது என்று தெரியாமல், யாரும் திறந்து பார்க்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையில், ‘மச்சான் குடும்பப் படங்கள்’ என்பதில் போட்டேன். மன்னிக்கவும். சனிக்கிழமை மாடி வீட்டுக்கார அம்மாள் வந்திருந்தபோது, உங்கள் தங்கை பெருமையாக, “எங்க பெரிய அண்ணனைப் பாருங்க” என்று அதைத் திறந்துவிட்டாள். திரை முழுக்க இறக்கை, இறக்கைக்குக் கீழே வரிசையாகக் குண்டு. மாடி வீட்டு அம்மாளுக்கு அன்றைக்குக் கண்ணாடி இல்லை. “நல்ல அகலமா இருக்காரே” என்று சொல்லிவிட்டுக் காபியைக் குடித்தார். உங்கள் தங்கை என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை நான் எழுத்தில் கொண்டுவர முடியாது. “உங்களுக்கு எங்க குடும்பம்னாலே இளக்காரம்” என்றாள். இரண்டு நாளாக என்னோடு பேச்சு இல்லை. அதுவும் நல்லதுக்குத்தான், பேசினால் உளறிவிடுவேன்.

இதோடு விட்டிருந்தாலும் தப்பித்திருப்பேன். பெயரை மாற்றினால் போதாது, அந்தச் சரக்கு விமானத்தின் ராணுவ முகத்தையே மாற்றிவிடுவோம் என்று ஒரு யோசனை தோன்றியது. கைக்கு வந்த நிறம் ஈறு நிறம். மூக்கிலிருந்து வால்வரை இளஞ்சிவப்பாக அடித்து, வாலில் ஒரு வெள்ளைக் கடைவாய்ப் பல்லை வரைந்து, பற்பசை கம்பெனி விமானம்போல ஆக்கினேன். பார்க்கச் சாதுவாக இருந்தது. சேமித்துவிட்டு நிம்மதியாகப் படுத்தேன். நான் எங்கே சேமித்தேனோ, அது குழுவுக்கு நேரே போகிற இடம் என்பதை பதற்றத்தில் மறந்துவிட்டேன். விடிந்து பார்த்தால் எழுநூறு பேர் அதை எடுத்துப் போயிருக்கிறார்கள். ‘எந்த நாட்டுப் படை இது?’ என்று ஒருவர். ‘அந்தி வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாமல் பறப்பதற்கான ரகசியப் பூச்சு’ என்று ஒருவர். ‘வாலில் இருப்பது புதிய படைப்பிரிவின் சின்னம், கோட்டை வடிவம்’ என்று ஒருவர். ரிவெட் மட்டும் ஒரே வரி எழுதியிருந்தார்: “சாட்சி எங்கே?” அதற்கும் கீழே, பட்டப்பெயர்கூட இல்லாத யாரோ ஒருவர், “இந்தத் தகவல் உங்களுக்கு எங்கிருந்து கிடைத்தது என்று சொல்ல முடியுமா?” என்று கேட்டிருந்தார். மரியாதையாகக் கேட்டிருந்தார் மச்சான். அந்த மரியாதைதான் எனக்குப் பிடிக்கவில்லை. கம்ப்யூட்டரின் வயரைப் பிடுங்கி, சுருட்டி, என் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டேன்.

தெருவில் யார் நின்றாலும் எனக்கு இப்போது சந்தேகம். மீட்டர் பார்க்கிறவர் இந்த மாதம் ஏன் இரண்டு நாள் முன்னால் வந்தார்? எதிர்ச் சாரியில் ஒரு சாம்பல் நிற வண்டி நேற்றிலிருந்து நிற்கிறது. பதினாலாவது பல்லின் நிறம். சோறு இறங்கவில்லை. உங்கள் தங்கைகூட மௌனத்தைக் கலைத்து, “பல்லு கில்லு வலிக்குதா?” என்று கேட்டாள். அந்தச் சொல்லைக் கேட்டதும் கையிலிருந்த டம்ளரைக் கீழே போட்டுவிட்டேன்.

ஒன்று சொல்கிறேன், சிரிக்காதீர்கள். ஜெயிலுக்குப் போக எனக்குப் பயம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் என்னை வாட்டுவது அது இல்லை. இந்த வேலைக்காக அந்தப் பெண் இரண்டு தடவை எழுதித் தோற்று, மூன்றாவது தடவையில் தேறினாள். தனியாகப் படித்தால் மனசில் நிற்கவில்லை என்று, நான் விமானம் ஓட்டும்போதெல்லாம் பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, கட்டுப்பாட்டு அறையில் இருப்பவள் மாதிரியே எனக்கு வழி சொல்லுவாள். உயரத்தைக் குறைக்கவும், இடதுபுறம் திரும்பவும் என்று அத்தனை நிதானமாகச் சொல்லுவாள். நான் ஒரு நாளும் ஒழுங்காக இறக்கியதில்லை. ஒவ்வொரு தடவை நொறுங்கும்போதும் என் தோளைத் தட்டி, “நல்லாதாம்பா வந்தீங்க, தரைதான் கொஞ்சம் முன்னாடியே வந்துடுச்சு” என்பாள். இப்படி ஒரு பிள்ளை யாருக்குக் கிடைக்கும்? அவள் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒன்று ஒழுங்காக இறங்க வருகிறது, நடு ஓடுதளத்தில் நான் பல்லைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். அவளுக்கு இது என்னால் போயிற்று என்றால் அந்த முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன்? இதை எழுதும்போது அழுகை வருகிறது. மேலே எழுத்து கலைந்திருப்பது அதனால்தான், மழை இல்லை.

ஆகவே உங்களிடம் மன்றாடிக் கேட்கிறேன். மாதிரிப் பல் வைத்திருப்பது குற்றமா? நிறத்தைப் பார்ப்பது உளவில் சேருமா, அல்லது எழுதி வைத்தால்தான் சேருமா? தகப்பன் செய்த பிழை மகள் தலையில் விடியாமல் இருக்க, நான் வியாழக்கிழமைக்கு முன்னால் எங்கேயாவது காணாமல் போய்விட்டால் சட்டம் ஒத்துக்கொள்ளுமா? காணாமல் போவதென்றால் உங்கள் வீட்டுக்குத்தான் வர வேண்டும், எனக்கு வேறு போக்கிடம் இல்லை. இல்லாவிட்டால் நீங்களே புதன்கிழமை பஸ்ஸில் புறப்பட்டு வந்து, அதிகாரி பேசும்போது என் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளுங்கள். நான் வாயைத் திறந்தால் காலை மிதியுங்கள். யாராவது உங்களை முன்கூட்டியே விசாரித்தால், தங்கையைக் கொடுத்தோமே தவிர ஆளை அவ்வளவாகத் தெரியாது என்று சொல்லிவிடுங்கள். நான் தப்பாக நினைக்க மாட்டேன்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம். அவர்கள் எல்லாரும் நோய்நொடி இல்லாமல், வேலி இல்லாத இடமாகப் பார்த்து நீடூழி வாழட்டும்.

இப்படிக்கு,
இதுவரை வெளியில் இருக்கும்,
உங்கள் தங்கை கணவன்.

பின்குறிப்பு (வியாழக்கிழமை, மதியம்): இந்தக் கடிதம் திங்கட்கிழமையே உங்களுக்குக் கிளம்பியிருக்க வேண்டியது. தபால் பெட்டிக்கு எதிரே மருந்துக்கடையில் புதிதாக ஒரு கேமரா மாட்டியிருக்கிறார்கள், அதனால் மூன்று நாளும் போய்ப் போய்த் திரும்பிவிட்டேன். இதற்குள் அதிகாரி வந்து போய்விட்டார். பத்து மணிக்கு டாண் என்று வந்தார். மகளின் சான்றிதழ்களைப் பார்த்தார், உங்கள் தங்கையிடம் தண்ணீர் கேட்டார், என் பக்கம் திரும்பி, “நீங்கதான் அப்பாவா?” என்றார். அவ்வளவுதான் மச்சான் கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டு நிறுத்தியிருக்கலாம். வேலியில் ஆரம்பித்து, பதினைந்தாவது பல், பொய்யான பெயர்கள், இளஞ்சிவப்பு விமானம், எதிர்ச் சாரி வண்டி என்று இருபத்தைந்து நிமிடம் மூச்சு விடாமல் கொட்டினேன். பதினேழாம் கேள்விக்கு அவள் பொறுப்பில்லை, ஒன்றும் தெரியாத பெண், என்னைக் கொண்டுபோங்கள் என்று இரண்டு கையையும் நீட்டினேன். உங்கள் தங்கை தண்ணீரோடு அப்படியே நின்றாள். மகள் ஒரே ஒரு தடவை “அப்பா” என்றாள்.

அதிகாரி கோப்பிலிருந்து ஒரு தாளை எடுத்து மேஜைமேல் வைத்தார். காவலர் வரைந்த படம். பதினாறு பல்லும் இருந்தன. “இது ஏழு மேஜை தாண்டி எங்கிட்ட வந்திருக்கு சார். எந்த மேஜைக்கும் இத வச்சு என்ன பண்றதுன்னு தெரியல” என்றார். பிறகு உங்கள் தங்கையைப் பார்த்து, “எப்பவுமே இப்படித்தானாம்மா?” என்று கேட்டார். “கட்டிக்கிட்ட நாள்லேருந்து சார்” என்றாள் அவள். கொஞ்சமும் யோசிக்கவில்லை. அதிகாரி பேனாவைத் திறந்து ஏதோ எழுதினார். பல் டாக்டர்களின் கையெழுத்தைத் தலைகீழாகப் படித்தே பிழைத்தவன் நான், அது எனக்குப் பெரிய வித்தை இல்லை. மகள் பெயருக்கு நேரே ‘தகுதியானவர்’ என்று இருந்தது. ஒன்றாம் தேதி வேலையில் சேர்கிறாள். அவரை வழியனுப்பிவிட்டு வந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள், சிரித்தாள், “இனிமே எது செஞ்சாலும் எங்கிட்ட கேட்டுட்டுச் செய்யுங்கப்பா” என்றாள். எனக்கும் உயிர் திரும்பி வந்தது. அதிகாரி தெருமுனையில் திரும்பி மறையும்வரை நிம்மதியாகத்தான் இருந்தேன்.

அதற்குப் பிறகுதான் என் பெயருக்கு நேரே அவர் எழுதியது உறைக்க ஆரம்பித்தது. ‘தந்தை: தீங்கற்றவர்.’ ஒரே ஒரு சொல். தீங்கற்றவர் என்றால் என்ன அர்த்தம் மச்சான்? நாற்பத்தொரு ராணுவ விமானத்தை நடுக்கூடத்தில் வைத்திருந்தவன் நான். ஒரு வான்படையின் சாம்பலை வேலிக்கு வெளியே நின்று பல்லால் அளந்தவன். எழுநூறு பேரை ஒரே ராத்திரியில் குழப்பியவன். கொஞ்சமாவது சந்தேகப்பட்டிருக்கக் கூடாதா? இது ரிவெட் காதுக்குப் போனால் அந்தக் குழுவில் நான் தலைகாட்ட முடியுமா? உங்கள் தங்கையோ அதை எட்டிப் பார்த்துவிட்டு, வாசல்வரை பின்னாலேயே போய், அந்தத் தாளுக்கு ஒரு நகல் கிடைக்குமா, கண்ணாடி போட்டு மாட்ட வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். ஆகவே நீங்கள் பஸ் ஏற வேண்டாம், மேலே கேட்ட சட்டச் சந்தேகங்களையும் விட்டுவிடுங்கள். இந்த ஒன்றுக்கு மட்டும் உடனே பதில் எழுதவும்: இதை எதிர்த்து மேல்முறையீடு செய்ய எனக்கு எத்தனை நாள் அவகாசம்?